மூன்று மீட்டர் தாங்கும் டிடெக்டர் முழங்கால் தண்ணீரில் ஏன் கசிகிறது?

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "மூன்று மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று போட்டிருந்த மெட்டல் டிடெக்டரை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இடுப்புக்கு மேல் தண்ணீரில் ஒருநாளும் இறங்கியதில்லை. போன ஞாயிறு மத்தியானம் ஈஸ்ட் கோஸ்ட்டில் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் தேடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரைக்கு உள்ளே ஆவி படிந்திருக்கிறது. கசிவுதானா? சுற்றிலும் சிலிக்கோன் பூசிவிடு என்கிறார் ஒரு நண்பர். ஓட்டை போட்டு வால்வு வை என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?"

தம்பி, முதலில் அதை சார்ஜரில் போடாதீர்கள். ஆன் செய்தும் பார்க்காதீர்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். நான் கப்பல் பட்டறையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். தண்ணீர் புகாமல் அடைக்கும் சீல், கேஸ்கெட், ரப்பர் வளையமான ஓ-ரிங் இவற்றோடுதான் என் பொழுது போகிறது. வாரக் கடைசியில் நானும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் என்று போகிறவன்தான்.

திரைக்குள் ஆவி தெரிந்தாலே தண்ணீர் புகுந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல்தான் இருக்கிறது. வெளியே 30 டிகிரியில் பேட்டரி மூடியைத் திறந்து மூடினால் அந்த ஈரக் காற்றும் உள்ளே அடைபடும். பிறகு 22 டிகிரி ஏர்கான் அறைக்குள் கொண்டுவந்தால் திரையின் உட்புறம் மூச்சு விட்டதுபோல மங்கும். ஆனால் அந்த ஆவிக்கு ஓர் அளவு உண்டு. முப்பது டிகிரியில் அவ்வளவு ஈரமான ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் இருக்கும். டிடெக்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றோ கால் லிட்டர், மிஞ்சினால் 300 மில்லி. கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் மொத்த ஈரமே 7 மில்லிகிராம்தான். குளிரும்போது அதில் ஒன்றோ இரண்டோ மில்லிகிராம் திரையில் படியும். ஒரு துளி தண்ணீர் ஏறத்தாழ 50 மில்லிகிராம். ஆகவே வெளியே எடுத்து வந்ததும் மறைந்துவிடும் மெல்லிய மங்கல் என்றால் அது அடைபட்ட காற்றின் வேலையாக இருக்கலாம். திரையின் கீழ் ஓரத்தில் ஒரே ஒரு சின்னத் துளி உருண்டு நின்றாலும், காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தாலும், அது வெளியிலிருந்து வந்த தண்ணீர். டார்ச்சை பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கோடு அப்போது தெரியும்.

சரி, தண்ணீர்தான் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் தாங்கும் பெட்டி அரை மீட்டரில் ஏன் தோற்றது? எல்லோரும் ஆழத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை வெயிலால் கெட்டவை.

பத்து மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அப்படியானால் மூன்று மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டரை 300 கிராம் அழுத்தும், அரை மீட்டரில் 50 கிராம். இது வெளியிலிருந்து தள்ளுவது. உள்ளிருந்து இழுப்பது ஒன்றும் இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை மத்தியான வெயிலில் பாய் மேல் வைத்துவிட்டு நாசி லெமாக் சாப்பிட உட்கார்கிறோம். உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரியைத் தொடுகிறது. அதை அப்படியே 29 டிகிரி கடல் நீரில் முக்கினால் உள்ளே அழுத்தம் ஆறரை விழுக்காடு குறையும். அது 65 சென்டிமீட்டர் தண்ணீர் தள்ளுவதற்குச் சமம். முழங்கால் ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டிய ஆழமாக ஆகிவிடுகிறது.

அதுவும் மூன்று மீட்டருக்குள்தானே என்று கேட்பீர்கள். சீல் புதிதாக, சுத்தமாக இருந்தால் உங்கள் வாதம் சரி. ஆனால் இந்த உறிஞ்சல் மேலே வந்த பிறகும் நிற்பதில்லை. மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீரை, பெட்டி குளிர்ந்து முடியும் வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். பள்ளத்தில் ஒரு மணல் துகளோ தலைமுடியோ இருந்தால் அதற்கு அந்த வழி போதும். ஒவ்வொரு ஞாயிறும் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, பெட்டி மூச்சு விடுகிறது. மூச்சோடு ஈரமும் போகிறது.

இன்னொன்றும் உண்டு. சரியாகப் பொருத்திய ஓ-ரிங் அழுத்தம் கூடக் கூட இறுகும். தண்ணீரே அதைப் பள்ளத்தின் ஓரத்தோடு தள்ளி அடைக்கும். பட்டறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். உயர் அழுத்தத்தில் ஒரு சொட்டும் விடாத இணைப்பு, அழுத்தம் குறைந்ததும் கசியும். தட்டையாகிப் போன பழைய ஓ-ரிங் ஆழத்தில் தப்பித்துவிடும், முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அதனால் "நான் ஆழத்துக்கே போகவில்லையே" என்ற ஆறுதலை விட்டுவிடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி. 68 என்ற குறியீட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எட்டு என்றால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். அந்தச் சோதனை புதுப் பொருளில், நல்ல தண்ணீரில், அசையாமல் வைத்து நடப்பது. வெயில், உப்பு, மணல், சன்ஸ்கிரீன் எதுவும் அதில் கிடையாது. டிடெக்டர் மாடல்களில் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800-உம் காரெட் ஏடி புரோவும் 3 மீட்டருக்கு, எக்ஸ்பி டீயஸ் 2 இருபது மீட்டருக்கு, முக்குளிப்பவர்களுக்காகச் செய்த எக்ஸ்காலிபர் 2 அறுபது மீட்டருக்கு என்று எண்கள் உண்டு. எக்ஸ்காலிபரின் உருளை வடிவப் பெட்டியைக் கவனியுங்கள். உருளை அழுத்தத்தைச் சுற்றிலும் சமமாக வாங்கும். தட்டையான திரைக்கு அந்த வசதி இல்லை. ஐந்துக்கு ஏழு சென்டிமீட்டர் திரையை மூன்று மீட்டர் ஆழத்தில் பத்தரைக் கிலோ அழுத்துகிறது. திரையைச் சுற்றியிருக்கும் பசைதான் அதைத் தாங்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நொடிக்கு பத்து மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் மோதும் இடத்தில் ஐந்து மீட்டர் ஆழத்தின் அழுத்தம் இருக்கும். கடலில் அரை மீட்டரில் பத்திரமாக இருந்த கருவியை வீட்டுக் குளியலறையில் ஐந்து மீட்டருக்கு அனுப்புகிறோம். வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி, நிழலில் ஆறிய பிறகு, பத்து நிமிடம் ஊற வைத்து மெதுவாக அலசுங்கள். சோப்பு வேண்டாம். சில மாடல்களில் காற்று போய்வர ஒரு சின்னச் சவ்வு இருக்கும். காற்றை விடும், தண்ணீரைத் தடுக்கும். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் அந்தச் சவ்வு தண்ணீரையும் விட ஆரம்பிக்கும்.

இனி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருவியை அணைத்து, ஒரு மணி நேரம் ஏர்கான் அறையில் வையுங்கள். வாளியில் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்கு மேல் போக வேண்டாம். பெட்டியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிடித்து அமிழ்த்துங்கள். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று சூடாகி விரியும், கசியும் இடத்தைத் தேடி வெளியே வரும். முதலில் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளை விரலால் தடவி விடுங்கள். பிறகு பொறுமையாகப் பாருங்கள். போன வருடம் ஒரு நண்பரின் கருவியை இப்படிப் பிடித்திருந்தபோது இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பேட்டரி மூடியின் வலது கீழ் மூலையிலிருந்து கடுகு அளவில் ஒரு குமிழி. அதைத் துடைத்தேன். அதே இடத்தில் இன்னொன்று. மூடியைத் திறந்து பார்த்தால் ஓ-ரிங்கின் அந்த மூலையில் ஒரு நூல் இழை குறுக்கே கிடந்தது. துண்டால் துடைத்தபோது ஒட்டியிருக்கும். ஆறு வார ஈரத்துக்கு ஓர் இழைதான் காரணம்.

இந்தச் சோதனையில் ஒரு கண்டிப்பு. தண்ணீர் சூடாக இருக்கும்போதே, நான்கு நிமிடத்துக்குள், கருவியை வெளியே எடுத்து உலர்த்திவிட வேண்டும். வாளியிலேயே ஆற விட்டால் நீங்கள் கண்டுபிடித்த அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சவ்வு உள்ள மாடல் என்றால் சவ்விலிருந்து குமிழி வருவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பேட்டரி மூடி, ஹெட்போன் துளை, காயில் (மண்ணுக்கு மேல் வீசித் தேடும் வட்டத் தலை) வயர் வந்து சேரும் கனெக்டர், பொத்தான்களின் மேல் ஒட்டிய ரப்பர், ஸ்பீக்கர் சவ்வு, திரையின் ஓரப் பசை என்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பல. காயிலின் வயரில் வெட்டு இருந்தால் ஈரம் உள்ளே இருக்கும் செம்பு இழைகளின் இடுக்கில் திரிபோல ஏறிக்கொண்டே போகும். வெட்டு ஓரிடத்தில், பழுது இன்னோரிடத்தில் தெரியும். ஒரு நண்பர் சில நாணயங்களில் மட்டும் சத்தம் தடுமாறுகிறது, காயிலில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வந்தார். 2013-இல் வந்த நம் மூன்றாம் தொடர் நாணயங்கள் முலாம் பூசிய எஃகு. பழைய செம்பு-நிக்கல் 20 காசைப் போல அவை தெளிவாகப் பேசாது. காயிலில் ஈரம் என்றால் நாணயமே இல்லாத இடத்திலும், தண்ணீரில் லேசாகத் தட்டினாலே கத்தும்.

மாற்றம் செய்வதற்கு முன் ரசீதைத் தேடுங்கள், தம்பி. இங்கே உள்ள கடையில் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் என்று நாம் சொல்லும் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. அவை 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலிருந்தே இருந்த குறை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. முதலில் பழுது பார்த்தோ மாற்றியோ தரக் கேட்கலாம், அது முடியாவிட்டால் விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பவோ கேட்கலாம். கடைக்காரர் பேச மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. ஒரு திருகைக் கழற்றினாலோ ஒரு வரி சிலிக்கோன் பூசினாலோ இந்த வலுவை நீங்களே தளர்த்திக்கொள்கிறீர்கள். ஆகவே இன்றே திரையைப் படம் எடுத்து வைத்து, கடைக்கு எழுதுங்கள். வாளிச் சோதனையைக்கூட அவர்கள் பதில் சொன்ன பிறகு செய்யலாம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்த கருவி என்றால் இந்த வழி கடினம், தயாரிப்பாளரின் உத்தரவாதத்தைத்தான் நம்ப வேண்டும்.

உத்தரவாதம் முடிந்துபோன கருவிகளுக்கு மட்டும்தான் இனிச் சொல்லப்போவது.

சிலிக்கோன் பூசுவது. என் முதல் கருவியை நானே கொன்றது இப்படித்தான், அது இன்றைக்கும் வருத்தம். திரையின் ஓரத்தில் கசிவு. வீட்டில் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோன் டியூப் மிச்சம் இருந்தது. சுற்றிலும் அழகாகப் பூசி, பெட்டியையும் மூடினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் தண்ணீர் இல்லை, ஆனால் போர்டில் இருந்த செம்புக் கோடுகள் பச்சையாகி, ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல் மாவு. பூசும்போது வினிகர் வாடை அடித்தது, நான் கண்டுகொள்ளவில்லை. அந்த வகை சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பைத்தான் தின்னும். எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் பூச வேண்டும் என்றால் நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருக்கும் சிலிக்கோன் மட்டும்தான். அதையும் கசியும் இடம் தெரிந்து, பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, அந்த ஓரிடத்தில் பூசுங்கள். வெளியே சுற்றிலும் பட்டை பட்டையாகப் பூசினால் தண்ணீர் அதற்கு அடியில் தேங்கி நிற்கும். பிறகு கசிவு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிட மோசமானது, சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறதே என்று காற்றுச் சவ்வை கிரீஸாலோ பசையாலோ அடைத்துவிடுவது. அந்த ஓட்டைதான் நான் மேலே சொன்ன உறிஞ்சலைத் தீர்க்க வைத்திருக்கும் வழி. அதை மூடினால் மற்ற எல்லா சீலும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கும்.

வால்வு வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் வேறு கருவிக்கு. நீருக்கடியில் படம் எடுப்பவர்களின் கேமராப் பெட்டிகளில் அந்த முறை இருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவார்கள். அங்கே சுவர் கனமான அலுமினியம், வால்வுக்கென்றே மறை வெட்டியிருக்கும். டிடெக்டரின் சுவர் மெல்லிய பிளாஸ்டிக். அதில் துளை போட்டால் மறை பிடிக்க இடம் இல்லை, சுற்றிலும் முடிபோல விரிசல் விழும். ஒரு கசிவைக் கண்டுபிடிக்க இன்னொரு கசிவை உண்டாக்குகிறோம். உங்கள் நண்பர் பட்டறை ஆளாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நியோப்ரீன் உறை போடுகிறவர்கள் கடலிலிருந்து வந்ததும் கழற்றி அலச வேண்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீரை நாள் முழுக்கப் பெட்டியோடு கட்டி வைத்ததுபோல் ஆகும். கார்பன் ஃபைபர் தண்டு எடை குறைவு, கைக்குச் சுகம். ஆனால் கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், இணைப்பில் நைலான் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சார்ஜ் செய்யும் பின்களுக்கு ரப்பர் மூடி நல்லது. அதோடு நின்றுவிடாமல், ஈரப் பின்னில் சார்ஜரை மாட்டாமல் இருக்கவும் பழகுங்கள். உப்பு ஈரத்தில் மின்சாரம் போனால் தங்க முலாம் பூசிய பின்னும் சில வாரத்தில் கறுத்துத் தேய்ந்துவிடும்.

நான் மனதாரப் பரிந்துரைக்கும் ஒரே மாற்றம் ஓ-ரிங்கை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. பழையதைக் கழற்றி விரலில் உருட்டிப் பாருங்கள். வட்டமாக உருளாமல் ஒரு பக்கம் தட்டையாகத் தட்டுப்பட்டால் அதன் வேலை முடிந்தது. உள்விட்டத்தையும் தடிமனையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகொண்டு ஜாலான் புசார், சையது அல்வி ரோடு பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேளுங்கள். தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால் மூடியபின் அது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் நசுங்க வேண்டும். இன்னும் இறுகட்டும் என்று தடித்ததைப் போட்டால் மூடி வளைந்து மூலையில் இடைவெளி விடும். கிரீஸ் பூசும்போதும் கவனம். கறுப்பு நைட்ரைல் வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் நல்லது. வளையமே சிலிக்கோனால் ஆனது என்றால் அதே கிரீஸ் அதை ஊத வைக்கும், தயாரிப்பாளர் கொடுக்கும் கிரீஸ்தான் போட வேண்டும். வாசலின் இரண்டுக்கும் வேண்டாம். எவ்வளவு பூசுவது என்றால், வளையம் பளபளக்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதிகம் பூசினால் மணல்தான் ஒட்டும். கடைசியாக மூடியை ஏர்கான் அறையில், அரை மணி நேரம் திறந்து வைத்த பிறகு மூடுங்கள். காய்ந்த காற்று உள்ளே அடைபட்டால் அந்த மங்கலும் வராது.

தண்ணீர் உள்ளே போனது உறுதி, கடையும் கைவிட்டது என்றால் நேரம் முக்கியம். உப்பு காய்ந்தாலும் போகாது. நம் ஊர் ஈரத்தில் மறுபடி மறுபடி நனைந்து போர்டைத் தின்றுகொண்டே இருக்கும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் உப்பு வெளியே வராது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் போர்டை இரண்டு முறை அலசி, மெல்லிய பிரஷ்ஷால் கனெக்டர்களின் இடுக்கைத் தேய்த்து, பிறகு 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். திரையின் பசையிலும் ஸ்பீக்கர் சவ்விலும் ஆல்கஹால் படக் கூடாது. லித்தியம் பேட்டரி நனைந்திருந்தாலோ லேசாக உப்பியிருந்தாலோ அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அறுபது, எழுபது வெள்ளியைப் பார்த்து அடுக்குமாடி வீட்டுக்குள் தீயை வரவழைக்க வேண்டாம்.

கருவி திரும்பி வந்த பிறகு கடற்கரையில் ஒரு பழக்கம் மட்டும் மாற்றுங்கள். ஈரத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் பெட்டியின் மேல் போட்டு மர நிழலில் வையுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் பெட்டியைக் கையால் தொட்டுப் பாருங்கள், கை சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் இறங்கலாம். சூடாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள். கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பதையும், வாளியில் குமிழி எந்த இடத்தில் வந்தது என்பதையும் எழுதுங்கள், வளையம் வாங்கும் கட்டம் வந்தால் அளவை நாம் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.